முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இந்த வருஷம் முப்பத்தேழு நாவல்கள்.
முப்பத்தேழரை என்றும் சொல்லலாம்.
அந்த அரையைப் பற்றிக் கடைசியில்.

பகலெல்லாம் எனக்கு
சீலநாயக்கன்பட்டி ஆலையில் ஜவ்வரிசி மூட்டைக் கணக்கு.
ஈரமாவின் புளித்த வாடை
சேலைத் தலைப்பிலும் வரும்,
நூலகப் புத்தகத்திலும் வரும்.
அடுத்து எடுப்பவர் மன்னிக்கட்டும்.

தையில் ஒரு குடும்பக் கதை.
மூன்று தலைமுறை, பதினாறு பேர்.
முன்பக்கத்து வம்ச மரத்தை
யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.
அத்தையா சித்தியா என்று தெரியாமலே
ஒருத்திக்காக அழுதேன்.

மாசியில் படித்தவள்
இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் செத்துப்போனாள்.
முன்னால் ஒரு இருமல்கூட இல்லை.
ஐந்து ரோட்டில் இறங்க வேண்டியவளை
ஜங்ஷனில் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.
"நல்ல தூக்கமாம்மா?"
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

சித்திரையில் ஒரு மொழிபெயர்ப்பு.
தலைக்கு மேலே தகரம் கொதிக்க
நூறு பக்கத்துக்குப் பனி பெய்தது.
நிமிர்ந்தால்
உலர்களம் முழுக்க வெள்ளை.
ஒரு நொடி, ஒரே நொடி,
கால் கூசிப்போயிற்று.

எங்கள் ஊரில் நடக்கிற கதை என்று
ஆசையாக ஒன்று எடுத்தேன்.
ஏற்காட்டுக்கு எட்டே வளைவாம்.
எட்டாவதில் அவன் காதலைச் சொல்லிவிட்டு
நேரே ஏரிக்கரையில் இறங்கிவிடுகிறான்.
இருபது ஐயா, இருபது!
பதினான்கில் எனக்கு எப்போதும் குமட்டும்.
மீதிப் பன்னிரண்டையும் அவளோடு சுற்றியிருந்தால்
அவனே வேறு மாதிரி யோசித்திருப்பான்.

ஆனியில்தான் பென்சில்காரரைக் கண்டுபிடித்தேன்.
அஸ்தம்பட்டிக் கிளை நூலகத்தில்
நான் எடுக்கிற நாவல்களின் ஓரத்தில்
சாய்ந்த, நெருக்கமான கையெழுத்து.
"பொய்."
"இது சரி."
"இவனுக்குப் பசிக்கவே பசிக்காதா?"
ஒரு சாவு வீட்டுக் காட்சிக்குப் பக்கத்தில்
வெறும் "ம்".

நான் மூக்கைச் சிந்திய இடத்தில்
"மிகை" என்று இருந்தது.
இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.
அப்புறம் நான் தனியாகச் சிரித்த ஒரு வரிக்கு
அவரும் இரட்டைக் கோடு போட்டிருந்தார்.
சரி போகட்டும் என்று விட்டேன்.

பின்னட்டை படிப்பதை நிறுத்தினேன்.
ஓரங்களைப் புரட்டிப் பார்த்தே எடுத்தேன்.
யார் என்று பூங்கோதை மேடத்திடம் கேட்டதற்கு
"ஆள் கிடைச்சா சொல்லுங்க,
அபராதம் போடணும்" என்றார்.
ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல்
"பென்சில்காரர்" என்கிறேன், பாருங்கள்.

கார்த்திகையில் எடுத்தது தொள்ளாயிரம் பக்கம்.
மழைநாளில் மடியில் வைத்தால் கதகதப்பாக இருக்கும்.
ஓரமெல்லாம் அவர்.
வைக்கோல் விலையில் ஆசிரியரைத் திருத்துகிறார்.
கடன் கேட்டு வருபவனை நம்பாதே என்று
கதாநாயகியை எச்சரிக்கிறார்.
முந்நூற்றுப் பன்னிரண்டில்
ராத்திரி யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
பக்கத்தின் அடியில்:
"இதோடு நிறுத்திக்கொள்கிறேன்."

காரணம் எழுதவில்லை.
கண்ணோ, சலிப்போ, வேலை மாற்றலோ.
மேற்கொண்டு அறுநூறு பக்கமும் சுத்தம்.
கடைசியில் ஒட்டிய தாளில்
தேதி முத்திரை ஆறு வருஷம் பழையது.

நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.
முழுதாக ஒரு மாதம்.
வெள்ளை ஓரத்தில் தனியாகப் போகப் பிடிக்கவில்லை.
வேறு நான்கு நாவல்கள் முடித்தேன்,
நன்றாகத்தான் இருந்தன,
அதில் ஒன்றின் பெயர்கூட இப்போது நினைவில்லை.

மார்கழி முடியப்போகிறது.
இரண்டு முறை புதுப்பித்தாயிற்று,
மூன்றாவது முறைக்கு மேடம் ஒப்பமாட்டார்.
நாளை வெள்ளி, நூலகம் விடுமுறை.
ஒரு நாள் லாபம்.

ஆலையிலிருந்து பென்சில் ஒன்று கொண்டுவந்திருந்தேன்.
கணக்குப் புத்தகத்தில் பேனாவால்தான் எழுத வேண்டும்,
அது வெறுமனே கிடந்தது.
சீவினேன்.
பக்கத்தைத் திருப்பினேன்.
முந்நூற்றுப் பதின்மூன்றின் ஓரத்தில்
அவருக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்:
"கதவைத் திறந்தது அவள் இல்லை. தங்கை."

அதற்கு மேல்
இன்னும் படிக்கவில்லை.